ஆடிக் காற்றில் ஒரு விடியற்காலை ரைடு: ஈசிஆரில் குழுவாகச் சைக்கிள் ஓட்ட வருபவர்களுக்கு

மே மாதக் கடைசியில் கத்திரி முடிந்துவிடும். சென்னையில் வெயில் முடியாது. ஆனி முழுக்கவும், ஆடியில் பாதி நாளும், காலை எட்டரை மணிக்கே தார்ச்சாலை சுடத் தொடங்கிவிடும். அதனால்தான் இந்த மாதங்களில் திருவான்மியூரிலிருந்து தெற்கே போகும் சைக்கிள் குழுக்கள் நாலே முக்கால், ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். இருட்டுக்குள் சிவப்புப் பொட்டுகளாகப் பின்விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும்.

அந்த வரிசையில் நாமும் சேரலாமா என்று ஆசைப்பட்டு, "அவர்கள் வேகத்துக்கு நம்மால் முடியுமா?" என்று தயங்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தத் தயக்கம் எல்லோருக்கும் வரும். எனக்கும் இருந்தது. ஆனால் புதிதாக வருபவர்கள் காலில் பலமில்லாமல் திணறி நான் அதிகம் பார்த்ததில்லை. போகும்போதே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, திரும்பும் வழியில் வெயிலில் மாட்டிக்கொள்கிறார்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்தத் திரும்பும் வழியை மனத்தில் வைத்துச் சொல்வதுதான்.

முதலில் காற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது ஈசிஆரில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு வெறும் பழமொழி இல்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் காலைக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ அடிக்கும். கடற்காற்று உள்ளே வர நடுப்பகல் ஆகிவிடும். நாமோ தெற்கு நோக்கிப் போகிறோம். ஆகவே போகும்போது காற்று எதிரிலும் வலப்பக்கத்திலும் இருந்து தள்ளும். திரும்பும்போது முதுகில் தள்ளும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, வீடு திரும்பும்போது பின்காற்று! இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 24-ல் தெற்கே போனால் உடம்பில் படுவது 36 கிலோமீட்டர் காற்று. கஷ்டமாக இருந்தாலும் வியர்வை காய்ந்துகொண்டே வரும், உடம்பு சூடாகாது. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ள, நீங்கள் 28-ல் பறந்தாலும் உடம்பில் படுவது 16 மட்டுமே. சூரியன் ஏறிவிட்டது, காற்றோ இல்லாதது போல் இருக்கிறது, வியர்வை காயாமல் சொட்டுகிறது. கால்கள் சுலபமாகச் சுற்றுவதால் உடம்பு சூடேறுவது தெரியவே தெரியாது. கடற்கரை ஊரின் ஈரப்பதமும் இதில் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், ஏன் நிதானமாகப் போகச் சொல்கிறார்கள், ஏன் தாகம் எடுக்கும் முன்பே குடிக்கச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் தானாக விளங்கும்.

சேருவதற்கு முன்

தனியாக 30 கிலோமீட்டரை நிற்காமல், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட முடிந்தால் தொடக்கநிலைக் குழு ரைடுக்கு அது போதும். ஒல்லி டயர் வைத்த வேகச் சைக்கிளான ரோட் பைக்தான் வேண்டும் என்றில்லை. சற்றுத் தடித்த டயர் வைத்த ஹைப்ரிட் சைக்கிளில் கோவளம் போய் வருபவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. பிரேக் இரண்டும் நன்றாகப் பிடிக்க வேண்டும், கியர் துள்ளாமல் மாற வேண்டும், அவ்வளவே.

சென்னையில் பேட்டைக்குப் பேட்டை குழுக்கள் இருக்கின்றன. சேரும் முன் ரைடு லீடரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எங்கே திரும்புவோம்? சராசரி வேகம் என்ன? பின்தங்கினால் காத்திருப்பீர்களா? கடைசியில் யாராவது கூடவே வருவார்களா? முக்கியமானது மூன்றாவது கேள்வி. யாரையும் விட்டுப் போகாத ரைடை "நோ டிராப்" என்பார்கள். முதல் சில வாரங்களுக்கு அப்படிப்பட்ட ரைடு மட்டும் போங்கள். கடைசி ஆளாக வருபவருக்கு ஸ்வீப் என்று பெயர். நீங்கள் புதிது என்பதை லீடரிடமும் ஸ்வீப்பிடமும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, சொல்லாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் ஆபத்து.

முதல் ரைடுக்குக் கோவளம் சரியான தூரம். திருவான்மியூரிலிருந்து போய்த் திரும்ப ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மாமல்லபுரம் போனால் 90-ஐ ஒட்டி வந்துவிடும். கோவளத்தைக் கடந்தால் வடநெம்மேலி முதலைப் பண்ணை, அப்புறம் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று சாலை அழகாகத்தான் நீளும். ஆனால் அந்தக் கூடுதல் 40 கிலோமீட்டரில் பாதியை வெயில் ஏறிய பிறகு வடக்கே திரும்பி முடிக்க வேண்டும். கடற்கரைக் கோயில் எங்கும் போய்விடாது, மார்கழியில் போய்க்கொள்ளலாம்.

முந்தின நாள் மாலை

டயரில் காற்றடிப்பதைக் காலை இருட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். 28 மில்லிமீட்டர் டயர், 70 கிலோ எடையுள்ள ஆள் என்றால் 70 முதல் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும். ஹைப்ரிட்டின் தடித்த டயருக்கு 50, 60 போதுமானது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் உச்ச அளவு. அதுவரை அடித்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. கல் மாதிரி அடித்த டயர் ஸ்பீட் பிரேக்கரில் குதிக்கும், மணலில் வழுக்கும்.

சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பை. அதில் உங்கள் டயர் அளவுக்கான மாற்று டியூப் ஒன்று, டயரை நெம்பிக் கழற்றும் லீவர் இரண்டு, கையடக்க பம்ப், போல்ட் முடுக்கும் ஆலன் கீ. ரோட் பைக் டியூபில் பெரும்பாலும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுதான் இருக்கும். ரோட்டோரப் பஞ்சர் கடையின் காற்றுக் குழாய் அதில் பொருந்தாது. பத்துக் காசு நாணயம் போலச் சின்னதாக ஒரு பித்தளை அடாப்டர் சைக்கிள் கடைகளில் கிடைக்கும், வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். டியூப் மாற்றுவதை வீட்டில் ஒருமுறை, காபி குடித்துக்கொண்டு பொறுமையாகச் செய்து பாருங்கள். குழுவே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது முதல்முறை கற்றுக்கொள்வது கொடுமை.

விளக்குகளை சார்ஜில் போடுங்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. வரிசையின் நடுவில் போகும்போது பின்விளக்கை நிலையாக எரிய விடுங்கள். மினுக்கும் விளக்கு பின்னால் வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். மினுக்குவது ஸ்வீப்பின் வேலை.

பேடிங் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் இருந்தால் அதை உள்ளாடை இல்லாமல்தான் போட வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, புண்ணான பிறகே தெரிந்துகொள்கிறார்கள். தொடையிடுக்கில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். பருத்தி டீ-ஷர்ட் அரை மணி நேரத்தில் நனைந்து ஒட்டிக்கொள்ளும். சாதாரண பாலியெஸ்டர் விளையாட்டு டீ-ஷர்ட் எவ்வளவோ மேல். இரவு உணவு எட்டு மணிக்குள், புளிப்பும் எண்ணெயும் குறைவாக இருக்கட்டும். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வராதீர்கள். ஐந்து மணி நேரம்கூடத் தூங்காத இரவென்றால் அந்த வாரம் ரைடை விட்டுவிடுவது நல்லது.

கிளம்பும் காலை

எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர். வாழைப்பழம் இரண்டு, அல்லது பேரீச்சம்பழம் நாலைந்து. டிபன் வேண்டாம். சட்டைப்பையில் இரண்டு கடலை மிட்டாய்.

இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றொன்றில் ஓஆர்எஸ். முழுப் பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டினால் உப்பும் சர்க்கரையும் கூடிப்போய் வயிற்றைப் புரட்டும். பாதி போடுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகத் தொந்தரவு இருப்பவர்கள் உப்பு விஷயத்தில் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஹெல்மெட் இல்லாமல் எந்த நல்ல குழுவும் சேர்க்காது. அதன் வாரை இறுக்கி, தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். கழுத்தின் பின்புறத்திலும் காது மடலிலும் சன்ஸ்கிரீன். இருட்டில் இது வேடிக்கையாகத் தோன்றும். ஜூலையில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்பே எழுந்துவிடும்.

வரிசைக்குள்

ஒருவர் பின்னால் ஒருவர் ஓட்டுவது எதற்கு? முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறார். அவருடைய நிழலில் ஒண்டிக்கொண்டு போனால், 30 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் உழைப்பில் கால் பங்குக்கு மேல்கூட மிச்சமாகும். எதிர்காற்றில் இந்த மிச்சம் இன்னும் நன்றாகத் தெரியும். இதை டிராஃப்டிங் என்கிறோம். தனியாக 22-ல் திணறும் ஒருவர் வரிசையில் 26-ல் பேசிக்கொண்டே வருவது இதனால்தான்.

ஆனால் அந்த நிழலுக்காக ஆரம்பத்திலேயே ஒட்டிக்கொள்ளக் கூடாது. முதல் ரைடில் முன்னவரின் பின்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழுச் சைக்கிள் நீளம் இடைவெளி இருக்கட்டும். பயன் கொஞ்சம் குறையும், ஆனால் பிழைக்க நேரம் கிடைக்கும். பழகப் பழக இடைவெளி தானாகக் குறையும்.

என் முதல் ரைடில் முன்னால் போனவரின் டயரையே உற்றுப் பார்த்துக்கொண்டு, கழுத்து விறைக்க ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருந்த அக்கா திரும்பாமலேயே சொன்னார்: "என் சக்கரத்தைப் பாக்காதீங்க தம்பி, என் தோளுக்கு மேல பாருங்க. ரோட்டைப் பாருங்க." அன்றைக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அது. சக்கரத்தைப் பார்த்தால் அது நின்ற பிறகே உங்களுக்குத் தெரியும். தோளுக்கு மேலே பார்த்தால், அவருக்கும் முன்னால் இரண்டு பேர் மெதுவாவது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

குழுவில் விழுவதற்கு முதல் காரணம், உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறிப் போய் நிற்பது. அவர் ஒரு பள்ளத்துக்கு விலகினால் அவருடைய பின்சக்கரம் உங்கள் முன்சக்கரத்தைத் தட்டும். விழுவது அவரல்ல, நீங்கள். ஒருபோதும் சக்கரங்கள் பக்கம் பக்கமாக வர விடாதீர்கள்.

ஆடிக் காற்று இந்தத் தவறைச் செய்யத் தூண்டிக்கொண்டே இருக்கும். காற்று வலப்பக்க முன்னாலிருந்து வருவதால், நிழல் இடப்பக்கப் பின்னால் விழுகிறது. தெரியாமலேயே இடதுபுறம் நகர்ந்து, முன்னவரின் சக்கரத்தோடு சேர்ந்துகொள்வீர்கள். இடதுபுறமோ சாலை ஓரம், காற்று கொண்டுவந்து கொட்டிய மணல். நல்ல லீடர் வெள்ளைக் கோட்டை ஒட்டிப் போகாமல் சற்று உள்ளே தள்ளிப் போவார், பின்னால் வருபவர்களுக்கு நிழலில் ஒதுங்க இடம் கிடைக்கட்டும் என்று. அந்த இடத்தில் ஓரிரு கை அகலம் மட்டும் விலகி, முன்னவருக்கு முழுவதும் பின்னாலேயே இருங்கள்.

பிரேக்கைத் திடீரென்று பிடிக்காதீர்கள். வேகம் கூடிப்போனால் மிதிப்பதை நிறுத்துங்கள், நிமிர்ந்து உட்காருங்கள், நெஞ்சில் காற்று பட்டு வேகம் தானாகக் குறையும். அதுவும் போதாவிட்டால் லேசாகப் பிரேக்கைத் தொடலாம். சீட்டிலிருந்து எழுந்து மிதிக்கும் நொடியில் சைக்கிள் சற்றுப் பின்னால் போகும். பின்னால் ஆள் நெருங்கி இருந்தால் அதுவே போதும் இடிக்க. எழும் முன் ஒரு கியர் கடினமாக்கி, மிதிப்பை விடாமல் மெல்ல எழுங்கள்.

முன்னால் போய் காற்றை வாங்கும் முறை உங்களுக்கும் வரும். முதல் ரைடில் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முன்னால் போகும்போது, உங்கள் முறை வந்துவிட்டது என்ற உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். மீட்டரில் 25 இருந்தால் 25-ஐயே பிடியுங்கள். முன்னாலிருந்து விலகுவது எந்தப் பக்கம் என்பது குழுவுக்குக் குழு மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கமானாலும் முதலில் பின்னால் பார்த்து, கை காட்டி, அதன் பிறகே விலக வேண்டும்.

வாயும் கையும்

பின்னால் வருபவருக்குச் சாலை தெரியாது, உங்கள் முதுகுதான் தெரியும். அதனால் நீங்கள் பார்ப்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். "பள்ளம்!", "மணல்!", "பிரேக்கர்!", "நாய் இடப்பக்கம்!" என்று சத்தமாகச் சொல்லி, முடிந்தால் கையால் காட்டுங்கள். பின்னாலிருந்து வண்டி வந்தால் கடைசியில் இருப்பவர் "கார் பேக்" என்பார். அதை அப்படியே முன்னே கடத்துங்கள். கையை எடுக்க நடுக்கமாக இருந்தால் வாயால் மட்டும் சொன்னால் போதும். கை ஹேண்டில்பாரில் இருப்பதே முக்கியம்.

ஈசிஆரில் நான் அதிகம் பயப்படுவது காவல்துறைத் தடுப்புகளுக்கு. இடமும் வலமுமாக மாற்றி வைத்திருப்பார்கள். முதல் ஆள் கடைசி நொடியில் விலகினால், மூன்றாவது ஆள் நேராகப் போய் மோதுவார். தடுப்பு கண்ணில் பட்டவுடனே "பேரிகேட்!" என்று கத்துங்கள், இடைவெளியை அதிகமாக்குங்கள், ஒற்றை வரிசையாகுங்கள். மாலையில் கோடைமழை பெய்திருந்தால் மறுநாள் காலை நீர் தேங்கிய பள்ளங்களும் அடித்து வந்த மணலும் இருக்கும். தண்ணீருக்குள் என்ன ஆழம் என்று யாருக்கும் தெரியாது, சுற்றிப் போங்கள். ஞாயிறு விடியலில் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு வண்டி ஓட்டி வருபவர்களும் இந்தச் சாலையில் உண்டு. சாலை காலியாக இருக்கிறதே என்று இரண்டு பேர், மூன்று பேர் இணையாகப் பேசிக்கொண்டு போக வேண்டாம். காதில் ஹெட்போன் கூடவே கூடாது.

முட்டுக்காடு பாலம் வந்ததும் இரு பக்கமும் மறைப்பு இல்லாமல் காற்று சட்டென்று பக்கவாட்டில் அறையும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் இன்னும் ஆடும். முழங்கையை மடக்கி, பிடியைத் தளர்த்தி, உடம்பைக் கொஞ்சம் குனிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாலத்தில்தான் பெரும்பாலும் வெளுக்கத் தொடங்கும். இடப்பக்கம் கழிமுகமும் கடலும், வலப்பக்கம் காயல். இந்தக் காட்சிக்காகவே நாலு மணிக்கு எழலாம்.

கோவளத்தில்

நிற்பது இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. படம் எடுக்கிறேன், டீ இன்னொன்று என்று இழுத்தால் அந்த நேரம் முழுக்க வெயிலில் கழியும். இரண்டு இட்லி போதும், பொங்கலும் வடையும் சென்னை திரும்பிய பிறகு. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. நாம் வியர்வையில் இழப்பது பெரும்பாலும் சோடியம். அதனால் இளநீரோடு உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ்ஸோ சேர வேண்டும். கிளம்பும் முன் இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழி

பின்காற்று தள்ளும், சைக்கிள் தானாக ஓடும், எல்லோருக்கும் வேகம் எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். நான் ஒருமுறை எடுத்தேன். கானத்தூர் வரை 34, 35-ல் வந்தேன். உத்தண்டி தாண்டியபோது வெயிலில் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. குளிர்கிறது என்று நினைத்தேன். பனையூரில் தலை வலித்தது, சாலை சற்று மங்கலாகத் தெரிந்தது. ஸ்வீப்பாக வந்த அண்ணன் என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார், நான் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லியிருக்கிறேன். அவர் என்னை இறக்கி ஒரு மர நிழலில் உட்காரவைத்து, தன் பாட்டில் தண்ணீரைக் கழுத்திலும் அக்குளிலும் ஊற்றினார். அரை மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு ஆட்டோவில்தான் வந்தேன். சைக்கிளையும் அதிலேயே ஏற்றிவிட்டார்.

அவர் செய்தது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெயிலில் மயிர்க்கூச்செறிவது, தலைவலி, குமட்டல், வியர்வை திடீரென்று நிற்பது, இதில் ஏதாவது ஒன்று வந்தாலே இறங்கிவிடுங்கள். நிழல், தண்ணீர், ஹெல்மெட்டைக் கழற்றுவது, கழுத்தையும் அக்குளையும் நனைத்து விசிறுவது. பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பைக் குளிரவைத்துக்கொண்டே இருங்கள். அந்த நிலையில் இருப்பவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும்.

இந்த நிலை வராமலிருக்க, திரும்பும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு குடியுங்கள். வாய்க்கு ஒரு மடக்கு, கழுத்துக்கு ஒரு மடக்கு என்றும் வைத்துக்கொள்ளலாம். நீலாங்கரை வந்துவிட்டால் போக்குவரத்து கூடிவிடும். அங்கே வரிசையை விட்டுவிட்டுத் தனித்தனியாக, நிதானமாக வாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

குளித்துச் சாப்பிட்டு, முடிந்தால் ஒரு மணி நேரம் தூங்குங்கள். சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டுப் போகாதீர்கள். கடற்கரைச் சாலையின் உப்புக்காற்றும் உங்கள் வியர்வையும் சேர்ந்து போல்ட்டுகளைத் துருப்பிடிக்கவைத்துவிடும். ஈரத்துணியால் ஹேண்டில்பார், பிரேம், பாட்டில் கூடு எல்லாவற்றையும் துடைத்து, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். செயினைப் பழந்துணியில் பிடித்துப் பின்னோக்கிச் சுற்றினால் மணலும் கறுப்பும் வந்துவிடும். பிறகு கணுவுக்கு ஒரு சொட்டு எண்ணெய், மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை, ஐந்து நிமிடம்தான். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டு, டயரை விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்து மணலில் கலந்திருந்த கண்ணாடிச் சில்லு, மெல்லிய கம்பித் துண்டு எதாவது குத்திக்கொண்டு நிற்கும். இன்னும் உள்ளே போய் டியூபைத் தொட்டிருக்காது. ஊசி முனையால் நெம்பி எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் அடுத்த ஞாயிறு, இருட்டில், எல்லோரும் நின்று டார்ச் அடிக்க நீங்கள் டியூப் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.